நேற்று ஏறிய குன்று

(சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க, கூடியவரை பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



ஐம்பது வயதைக் கடந்தவர்களின் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அண்ணை என்னைக் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு முப்பத்தாறு வயது. நான் டொக்டர் இல்லை. ஏ.எல். இல் உயிரியல் எடுத்தனான், பல்கலைக்கழகம் போகிற அளவுக்குப் புள்ளி வரவில்லை, படிப்பு அதோடு நின்றுவிட்டது. இப்போது பிளாஸ்ரிக் பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் மெசின் பார்க்கிறேன். இதைச் சொன்னபோது செயலாளர் அண்ணை, "தம்பி, நீர் ஞாயிற்றுக்கிழமையில மாமாவோட நடக்கிறதை எல்லாரும் கண்டிருக்கினம். அதைச் சொன்னாப் போதும்" என்றார். ஆகவே அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லு, ஆனா நான் களைச்சுப் போய் இருந்ததைக் கூட்டிச் சொல்லாதை" என்று உத்தரவு.

மாமா 1967ஆம் ஆண்டு பிறந்தவர். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. அன்றிரவு மழை. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஹான்டிலில் இரண்டு பையைக் கொழுவி, நாவற்குழிப் பாலத்தடியில் சனநெரிசலுக்குள்ளால் தள்ளித் தள்ளி, விடியச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். சேர்த்துவிட்டு அன்று பகலே திரும்பி எங்களைத் தேடி வந்தவர். நான் அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு அந்த ராத்திரி வடிவாக நினைவில்லை, ஆனால் மாமாவின் சைக்கிள் மணிச் சத்தம் நினைவிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த உடம்புதான் இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று மாமா நினைத்துக் கொண்டிருந்தார். இங்கே இருக்கிற பலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். தவறாக எண்ண வேண்டாம்.

2022ஆம் ஆண்டு அவருக்குச் சீனி வருத்தம் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிய வந்தது. டொக்டர் குளிசை எழுதினார். அதோடு இன்னொரு துண்டும் கொடுத்தார். கிரீன் பிரிஸ்கிரிப்சன் என்று இந்த நாட்டில் 1998 இல் தொடங்கின ஒரு ஏற்பாடு. மருந்து எழுதுகிற மாதிரியே நடக்கவும் எழுதிக் கொடுப்பது. மாமா அதைப் "பச்சைத் துண்டு" என்று சொல்லிச் சிரித்தார். "நடக்கிறதுக்கும் துண்டோ? நான் நடந்த நடையை இவையள் கண்டிருந்தால்!"

முதல் ஞாயிறு வன் ட்றீ ஹில்லுக்குப் போனோம். மவோரி மக்கள் மவுங்ககியெகியெ என்று சொல்லுகிற குன்று. 182 மீற்றர். எங்களுக்கு ஊரில் மலை என்றால் கீரிமலைதான், அதில் மலையைத் தவிர எல்லாம் இருக்கு. தட்டையான நிலத்தில் பிறந்த மாமா அந்தக் குன்றை ஒரே மூச்சில் ஏறினார். எனக்கு வழியில் நிற்க வேண்டி வந்தது. உச்சியில் நின்று, "பார்த்தியோ மருமோன்?" என்றார். அந்த உற்சாகத்தில் அடுத்த நாளும் போனார். பாதியில் கால் பாரமாகி, இளைத்து, ஒரு வாங்கில் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் தொடை இரண்டும் நோ. படியிறங்க ஏலாது. அதற்குப் பிறகு இரண்டு கிழமை நடையே இல்லை. பிறகு ஒரு நாள் ரோசம் வந்து மறுபடியும் உச்சி. மறுபடியும் இரண்டு கிழமை படுக்கை. இப்படி மூன்று மாதம் போனது.

"நேற்று ஏறினன். அதே குன்று, அதே கால். இண்டைக்கு ஏன் ஏலாது?" இதுதான் அவருடைய கேள்வி. கோபமாகக் கேட்பார், யாரோ களவெடுத்துப் போட்டது மாதிரி.

என் பேச்சு முழுக்க அந்தக் கேள்விதான்.

எனக்குத் தெரிந்த உயிரியலில் சொல்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகு, உடம்பு ஒட்சிசனை எடுத்துப் பாவிக்கிற ஆகக்கூடிய அளவு, பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 10 வீதம் குறைந்து கொண்டு போகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்குக் குறைவது மெதுவாக. தசையும் அப்படித்தான், பாவிக்காவிட்டால் கரையும். இதைச் சம்பளம் மாதிரி யோசித்துப் பாருங்கோ. கிழமைக்கு ஆயிரம் டொலர் வருகிற வீட்டில் ஐம்பது டொலர் திடீர்ச் செலவு வந்தால் யாருக்கும் தெரியாது. அதே வீட்டுக்கு அறுநூறு வரத் தொடங்கினால் அந்த ஐம்பது டொலர் உடனே தெரியும். இருபத்தெட்டு வயதில் ஒரு இரவு நித்திரை இல்லாமல் போனால், உடம்பு அதைத் தன் சேமிப்பில் இருந்து கட்டிவிடும். ஐம்பத்தைந்தில் அந்தச் சேமிப்பு சின்னது. ஒரு இரவுச் சிப்ட், ஒரு தடிமன், ஒரு கலியாண வீட்டுச் சாப்பாடு, எல்லாமே அடுத்த நாள் குன்றில் தெரியும். குன்று உயரவில்லை. எங்களிடம் மிச்சம் பிடிக்கக் குறைவு, அவ்வளவுதான்.

இன்னொன்று. தசைநோ செய்த அன்றைக்கு வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். வயது போகப் போக அது ஆறுகிற நாளும் நீளும். மாமா செய்த பிழை குன்று ஏறியது அல்ல. ஆறாத உடம்பில் அடுத்த நாளே ஏறியது. பிறகு நொந்துபோய் இரண்டு கிழமை முழுக்கப் படுத்தது அதைவிடப் பிழை, ஏனென்றால் சேர்ந்த கொஞ்சமும் அந்த இரண்டு கிழமையில் கரைந்துவிடும்.

இதையெல்லாம் நான் மாமாவுக்குச் சொன்னபோது அவர் கேட்கவில்லை. மருமகன் சொல்லி மாமா கேட்பதோ? அவரைக் கேட்க வைத்தது ஒரு சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளி.

எங்கள் வேலையிடத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சாப்பாட்டு மேசையில் நான் மாமாவின் கதையைச் சொன்னபோது, "நீ இருக்கிறது ஓவைறாக்காப் பக்கம்தானே, லிடியார்டைத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எங்கட சனம் கனக்கப் பேர் மவுண்ட் றொஸ்கில், சான்ட்றிங்ஹாம், ஓவைறாக்காப் பக்கம்தான் இருக்கிறோம், எங்கள் தெருக்களில் நடந்த பெரிய கதை ஒன்று எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆதர் லிடியார்ட் 1917 இல் ஓக்லண்டில் பிறந்தவர். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை. பால் விநியோகமும் செய்திருக்கிறார். எங்களைப் போல உடம்பால் உழைத்த ஆள். றக்பி விளையாடுகிறவர், தன்னைப் பெரிய பலசாலி என்று நினைத்துக் கொண்டிருந்தவர். ஒரு நாள் ஓட்டக் கழகக்காரர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடப் போய், உயிர் போகிற மாதிரிக் களைத்துவிட்டார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் இப்படியென்றால் நாற்பத்தேழில் என்ன செய்வேன் என்று யோசித்தவர், தன் உடம்பிலேயே பரிசோதனை செய்யத் தொடங்கினார். கிழமைக்குச் சில மைலில் இருந்து 250 மைல் வரைக்கும் ஓடிப் பார்த்தார். கூடினாலும் கெடுகிறது, குறைந்தாலும் கெடுகிறது என்று கண்டு, கடைசியில் கிழமைக்கு ஏறத்தாழ நூறு மைல், அதுவும் களைத்து விழாத வேகத்தில் என்று ஒரு அளவுக்கு வந்தார். அவரிடம் பழகினவர்கள் அநேகமாகச் சுற்றுவட்டாரத்துப் பெடியன்கள். வைடெமட்டாவுக்கு மேற்கே இருக்கிற வைட்டாக்கரே மலைத்தொடரில் 22 மைல் சுற்று ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தோறும். 1960 புரட்டாதி 2ஆம் திகதி, றோம் ஒலிம்பிக்கில், ஒரே நாளில் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம். ஹல்பேர்க்குக்கு இளவயதில் றக்பியில் அடிபட்டு இடது கை வழங்காது.

தங்கப் பதக்கம் எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கதை அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் வருகிறது. இந்த மனிதர் 1962 இல் கொலின் கே என்பவரோடு சேர்ந்து ஓக்லண்டில் ஒரு மெதுவோட்டக் கழகம் தொடங்க வழிசெய்தார். கொலின் கே பின்னாளில் இந்த நகரத்தின் மேயராக இருந்தவர். அந்தக் கழகத்துக்கு வந்தவர்கள் வீரர்கள் இல்லை. வயிறு வைத்த நடுவயதுக்காரர்கள், மாரடைப்புக் கண்டு எழும்பினவர்கள். அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறுதலாகக் கட்டிலில் படுத்திருக்கச் சொல்லுகிற வழக்கம். லிடியார்ட் எழுப்பி நடக்க வைத்தார், பிறகு மெதுவாக ஓட வைத்தார். அவர் சொன்ன ஒரே விதி, பக்கத்தில் வருகிற ஆளோடு கதைத்துக் கொண்டு ஓட முடிய வேண்டும். கதை நின்றால் வேகம் கூடிப் போச்சு என்று அர்த்தம்.

1962-63 கோடை காலத்தில் அமெரிக்காவில் இருந்து பில் பவர்மன் என்ற பெரிய ஓட்டப் பயிற்சியாளர் லிடியார்டைப் பார்க்க வந்தார். பின்னாளில் நைக்கி சப்பாத்துக் கொம்பனியைத் தொடங்கின இருவரில் ஒருவர். அப்போது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. தான் நல்ல உடம்போடு இருப்பதாக நினைத்து இந்தக் கழகத்தோடு ஓடப் புறப்பட்டு, ஓக்லண்டின் ஏற்றம் ஒன்றில் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாகப் பின்னுக்கு நின்றவர் ஆன்ட்ரூ ஸ்டீட்மன் என்ற, எழுபதைத் தாண்டிய, மாரடைப்புக் கண்ட மனிதர். அவர் கதைத்துக் கொண்டே ஓடினார். பவர்மனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அவர் ஊருக்குத் திரும்பிப் போய் ஒறிகனில் சனத்தைத் திரட்டி மெதுவோட்டம் பழக்கினார், 1967 இல் இருதய வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து புத்தகமும் எழுதினார். அமெரிக்கா முழுக்க ஓடத் தொடங்கினது அதற்குப் பிறகுதான். பவர்மன் தன் வீரர்களுக்கு வைத்திருந்த முறையும் எங்களுக்கு உதவும்: ஒரு நாள் கடினம், அடுத்த நாள் இலேசு. இருபது வயது வீரனுக்கே அப்படி என்றால் எங்கட அண்ணைமாருக்கு?

மாமாவுக்கு இந்தக் கதை பிடித்துக் கொண்டது. முக்கியமாகச் சப்பாத்துத் தொழிற்சாலை. "அந்தாளும் எங்களை மாதிரித்தானே" என்றார். அடுத்த ஞாயிறு குன்றுக்கு ஏறாமல் கீழே கோர்ன்வோல் பார்க்கில் மட்டும் நடந்தோம், ஊர்க்கதை கதைத்துக் கொண்டு. கதை நின்ற இடத்தில் நாங்களும் நின்றோம்.

அப்போதுதான் கலண்டர் யோசனை வந்தது. கடையில் சும்மா தருகிற நாள்காட்டிதான், ராகுகாலம் போட்டது. கதைத்துக் கொண்டே முழுத்தூரமும் நடந்தால் ஒரு வட்டம். இடையில் நின்று நின்று நடந்தால் அரைவட்டம். ஏலாமல் திரும்பினால் புள்ளடி. பக்கத்தில் ஒரு சொல்லு: "இரவு வேலை", "தடிமன்", "சாமத்தியவீடு". அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் அந்தக் கலண்டர் மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. தொடர்ந்து இரண்டு இரவுச் சிப்ட் முடிந்தால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அரைவட்டம். வீட்டுப் புல்லு வெட்டின அடுத்த நாள் அரைவட்டம். மாமாவின் கணக்கில் புல்லு வெட்டுவது உடற்பயிற்சி இல்லை, பெட்டி தூக்குவதும் இல்லை. உடம்பின் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். தடிமன் வந்து போனால் காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு பத்து நாள் இழுக்கும். மாசி மாதப் புழுக்கத்தில் பின்னேர நடை எல்லாம் அரைவட்டம், அதே தூரம் விடியப்புறம் நடந்தால் வட்டம். நேற்று ஏறினது இன்று ஏறாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தநாள் இருந்தது.

அதைக் கண்ட பிறகு மாமாவின் ரோசம் தணிந்தது. இரவு வேலைக் கிழமையில் இருபது நிமிடம் தட்டையில். லீவுக் கிழமையில் ஒரு நாள் குன்று, அடுத்த நாள் உலாவு. கிழமைக்கு இரண்டு முறை கதிரையில் இருந்து எழும்பி இருப்பது, பத்துப் பத்தாக. தசை காக்க அது வேணும், நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற கணக்கு கிழமைக்கு 150 நிமிடம் நடுத்தர உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி. அந்த 150 ஐயும் ஒரே ஞாயிறில் முடிக்கப் பார்க்காமல் பிரித்துச் செய்தால் உடம்பு ஆற நேரம் கிடைக்கும். மெதுவாகப் போய்க் கெட்டித்தனம் காட்ட ஏலாது என்று நினைக்கிறவர்களுக்கு டெரெக் டேர்ன்புல் என்ற சவுத்லண்ட் ஆட்டுப்பண்ணைக்காரரைச் சொல்கிறேன். 1992 இல் தனது 65ஆவது வயதில் லண்டன் மரதனை 2 மணி 41 நிமிடம் 57 செக்கனில் ஓடினார். அட்டவணை போட்டுப் பழகினவர் அல்ல, அன்றைக்கு உடம்பு எப்படியோ அப்படி ஓடினவர். அவரைப் போல ஓடச் சொல்லவில்லை. அவரைப் போல உடம்பைக் கேட்கச் சொல்கிறேன்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. "நாங்கள் வீட்டில ஓடித் திரியிறதே காணும்" என்று சொல்லுவீர்கள். நாள் முழுக்க நிற்பது களைப்பைத் தரும், ஆனால் நெஞ்சுக்குத் தேவையான பயிற்சியைத் தராது. மாதவிடாய் நிற்கிற காலத்தில் இரவில் வேர்த்து நித்திரை குழம்புகிறதும் அடுத்த நாளின் பலத்தைத் தின்னும். அதைச் சோம்பல் என்று நீங்களே உங்களைப் பேசாதையுங்கோ. மாதக்கணக்காகக் களைப்பு என்றால் இரத்தத்தில் இரும்புச் சத்து, பி12, தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கோ. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், மெட்போர்மின் குளிசையைக் கனகாலம் எடுக்கிறவர்களுக்கும் பி12 குறைய இடமிருக்கு. சீனிக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுக்கிறவர்கள் விரதம் இருந்துவிட்டு வெறுவயிற்றில் குன்று ஏற வேண்டாம், சீனி இறங்கிவிடும். சட்டைப்பையில் ஒரு இனிப்பு இருக்கட்டும்.

இனிச் சொல்லப் போவதுதான் நான் இந்த மேடைக்கு ஏறினதற்குக் காரணம்.

2023 ஐப்பசி. வசந்த காலம், நேரம் மாற்றியாகிவிட்டது, பின்னேரம் வெளிச்சம். மாமாவுக்கு அந்தக் கிழமை பகல் வேலை. நல்ல நித்திரை. தடிமன் இல்லை. கலண்டரில் முதல் நாள் புள்ளடி. பக்கத்தில் "வாய்வு" என்று மாமாவே எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் புள்ளடி, மறுபடியும் "வாய்வு". வீட்டில் உள்ளியும் இஞ்சியும் அவித்துக் குடித்திருக்கிறார். ஞாயிறு என்னோடு வந்தார். கோர்ன்வோல் பார்க் தட்டையில், ஒரு வாங்கு இருக்கிறது, எங்கள் வழமையான தூரத்தில் கால்வாசிகூட இல்லை. அதில் போய் இருந்தார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. இடது தாடையைத் தடவினார். "என்ன மாமா?" "ஒண்டுமில்லை, வாய்வு. இருந்தாப் போயிடும்." உண்மையாகவே இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்ப கொஞ்சம் ஆறுதலா நடப்பம்" என்றேன். இன்னும் ஐம்பது யார் நடந்தோம். மறுபடியும் வந்தது.

வீட்டுக்கு வந்து கலண்டரில் புள்ளடி போடும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று புள்ளடி, ஒன்றுக்கும் காரணம் இல்லை. மற்ற நாட்களின் களைப்பு இடம் மாறி மாறி வரும், ஒரு நாள் காலில், ஒரு நாள் நாரியில், ஒரு நாள் கண்ணில் நித்திரையாக. இது ஒவ்வொரு முறையும் நடக்க வருகிறது, நின்றால் போகிறது, ஒவ்வொரு முறையும் முந்தினதை விடக் கெதியாக வருகிறது. "மாமா, முதல் இரண்டு நாளும் எந்த இடத்தில நிண்டனீங்கள்?" என்று கேட்டேன். முதல் நாள் குன்றின் அடிவாரம். இரண்டாம் நாள் அதற்கு முந்தின வாங்கு.

டொக்டரிட்டைப் போவம் என்றதற்கு அவர் சொன்ன பதிலை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். "வருத்தம் எண்டு எழுதினால் மெசினில இருந்து எடுத்துப் போடுவாங்கள். ஓவர்ரைம் போயிடும். தங்கச்சிக்கு இன்னும் இரண்டு வருசம் படிப்பிருக்கு." தங்கச்சி என்றால் ஊரில் இருக்கிற அவருடைய கடைசி மகள். ஆகவே களைப்பைக் கணக்குப் பார்க்கச் சொன்ன எனக்குத் தெரியாமல் அவர் வேறொரு கணக்குப் பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார்.

நான் 111 க்கு அடித்தேன். அடிக்கும்போது மாமா என்னோடு கோபித்துக் கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டார். வந்தவர்கள் அங்கேயே இருதயப் படம் எடுத்து, அன்றிரவே ஆஸ்பத்திரி. அடுத்த நாள் கை மணிக்கட்டால் குழாய் விட்டுப் பார்த்ததில் இருதயத்தின் இரத்தக்குழாய் ஒன்று மிகவும் ஒடுங்கிப் போயிருந்தது. உள்ளே சின்ன வலைக்குழாய் ஒன்று வைத்தார்கள். மாரடைப்பாக முதல் வந்துவிட்டீர்கள் என்றார்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிறார், நீங்களே பார்க்கிறீர்கள்.

அந்த முதல் இரண்டு புள்ளடியையும் நான் அன்றன்றைக்கே பார்த்திருக்கலாம். குசினிச் சுவரில்தான் தொங்கினது.

ஆகவே இரண்டு விதமான "ஏலாது" இருக்கிறது. ஒன்று காரணம் தெரிந்தது, ஓய்வெடுத்தால் சில நாளில் திரும்புவது. அதற்குப் பயப்பட வேண்டாம், அன்றைக்குக் குறைத்து நடவுங்கோ. மற்றது, காரணம் இல்லாமல் வருவது, உழைப்போடு வந்து ஓய்வோடு போவது, நாளுக்கு நாள் கெதியாக வருவது. நெஞ்சில் பாரம், தாடை, தோள், கை, முதுகு, வழமையில்லாத இளைப்பு, குளிர் வேர்வை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுநோ இல்லாமல் வெறும் இளைப்பாகவோ களைப்பாகவோ ஓங்காளமாகவோகூட வரலாம். அது வாய்வாகவும் இருக்கலாம். அதை ஆஸ்பத்திரியில் சொல்லட்டும், உள்ளி சொல்ல வேண்டாம். நின்ற பிறகும் போகாவிட்டால், அல்லது புதிதாக வந்தால், 111. யோசனையாக இருந்தால் ஹெல்த்லைன் 0800 611 116, இரவிலும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கோ.

இன்னொரு விசயம். இந்த நாட்டின் சுகாதாரப் பகுதியினர் 2018 இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், தெற்காசிய ஆண்களுக்கு இருதய ஆபத்துக் கணக்கெடுப்பை 30 வயதிலேயே, பெண்களுக்கு 40 வயதிலேயே தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இனத்தவர் பலருக்கு 45, 55. எங்கட சனத்துக்கு அவ்வளவு முன்னுக்கு வருகிறது. மாமா ஆஸ்பத்திரியால் வந்த கிழமை நானும் போய்ப் பார்த்தேன். கொலஸ்ரரோல் கூட. முப்பத்தாறு வயதுக்காரன் உங்களுக்கு என்ன சொல்ல வந்தான் என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில்.

மாமா இப்போது நடக்கிறார். ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு வகுப்புக்குப் போனார். முதல் கிழமை வீட்டு வாசலில் இருந்து தபால்பெட்டி வரைக்கும், பிறகு இரண்டாவது வீட்டு மதில். பிரசருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கிற மெட்டோபுரொலோல் குளிசை நாடித்துடிப்பை ஏறவிடாது, ஆகவே கைக்கடிகாரத்தில் துடிப்பு எண்ணிப் பயிற்சி செய்வது அவருக்குச் சரிவராது. பழைய விதிதான், கதைக்க முடிகிறதா இல்லையா. நல்ல நாளும் இருக்கு, கெட்ட நாளும் இருக்கு, முந்தியை விட ஏற்ற இறக்கம் கூட. வேலையில் அவரை மெசினில் இருந்து எடுத்தது உண்மை. லேபல் ஒட்டுகிற பகுதியில் விட்டிருக்கிறார்கள், ஓவர்ரைம் குறைவு. மிச்சத்தை நாங்கள் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து அனுப்புகிறோம். இதைப் பேச்சில் சேர்க்கச் சொல்லவில்லை, மாமா மன்னிக்க வேண்டும். சேர்த்தது ஏனென்றால், இதே கணக்கைப் பார்த்துக் கொண்டு "வாய்வு" என்று சொல்லுகிறவர் இந்த மண்டபத்தில் இன்னும் யாரும் இருக்கலாம்.

போன கிழமை மாமாவே கலண்டரில் ஒரு புள்ளடி போட்டிருந்தார். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பயந்து போய்ப் பார்த்தேன். "மழை" என்று இருந்தது.

வருகிற ஞாயிறு காலை ஏழரைக்குக் கோர்ன்வோல் பார்க்கில், ஆடுகள் மேய்கிற பக்கத்து வாசலில் நிற்போம். சித்திரை பிறந்தால் இங்கே குளிர் தொடங்கும், கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கோ. சேலையோடு வருகிற அம்மாமார் சப்பாத்தை மட்டும் மறக்க வேண்டாம். மாமா வருவார். எந்த வாங்கு வரைக்கும் என்று அன்றைக்குப் பார்ப்போம்.